எங்க பிலோ நடையப் பாருங்க

மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே நான் சில பேருக்குப் போன் செய்தேன். பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேருக்குப் புரியவில்லை. நடுநடுவே நான் அழுதும் தொலைத்தேன். அதனால் இப்போது ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதுகிறேன். உடம்பு தேறிக்கொண்டு வருகிறது. மனசு தேறுவதாகத் தெரியவில்லை.

நான் பிலோமினா. வீடு பிரிக்பீல்ட்ஸில். வேலை கிள்ளான் லிட்டில் இந்தியாவில், ஒரு துணிக்கடையில். காலையில் கொமுட்டர் ரயிலேறிப் போனால் நாள் முழுக்க நின்றபடிதான். புடவையை இறக்குவது, விரிப்பது, மடிப்பது, மறுபடியும் மேல்தட்டில் ஏற்றுவது. ஐம்பதை நெருங்கும்போது முட்டி இரண்டும் தகராறு செய்ய ஆரம்பித்தன. ஏணியில் ஏறினால் இறங்கப் பயம். எங்கள் முதலாளி பாய் நல்ல மனிதர். "நீ கவுண்டர்ல உக்காந்துக்கம்மா" என்றார். எனக்குத்தான் உட்கார வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் என் அக்கா ஜெசிந்தா அந்தக் குப்பியைக் கொண்டுவந்தாள். அக்கா கிள்ளானில் தனியாக இருக்கிறாள். அத்தான் இறந்துபோன பிறகு வீட்டிலிருந்தே எதையாவது விற்றுப் பிழைக்கிறவள். கிறிஸ்துமஸ் வந்தால் கேக், மற்ற நாளில் ஊறுகாய், கடைசியாக இந்த ஜாமு மாத்திரை. ஜாமு என்பது மலாய்க்காரர்களின் மூலிகை மருந்து. நம் வீடுகளிலும் எப்போதோ நுழைந்துவிட்டது. பச்சை மூடி போட்ட குப்பி, மேலே இஞ்சியும் மஞ்சளும் படமாக.

"எல்லாம் வேரும் எலையுந்தான் பிலோ. கெமிக்கல் ஒன்னும் கெடையாதுலா. சாப்பிட்டுப் பாரு," என்றாள்.

சாப்பிட்டேன். அந்த வாரமே முட்டி வலி போன இடம் தெரியவில்லை. நன்றாகப் பசித்தது. தூக்கம் குறைந்தாலும் உடம்பு பம்பரமாகச் சுற்றியது. சில மாதங்களில் கன்னம் இரண்டும் உருண்டு வந்தன. கடைக்கு வரும் ஆன்டிமார், "முகம் நல்லா பூசுனாப்புல இருக்கே" என்றார்கள். ரவிக்கைகளைப் பிரித்துத் தைத்தேன், சந்தோஷமாகவே. சதை போட்டால் சௌக்கியம் என்றுதானே நமக்கு அர்த்தம்.

அக்காவுக்கு நான் நடமாடும் விளம்பரமானேன். ஞாயிறு பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் எல்லோரும் தேநீர் குடிக்கும்போது என் கையைப் பிடித்து நடுவில் இழுத்து நிறுத்துவாள். "எங்க பிலோவப் பாருங்க. நடையப் பாருங்க." நான் சிரித்துக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விறுவிறுவென்று நடந்து காட்டுவேன். சில ஞாயிறுகளில் அவள் கேட்காமலேயே நடந்தேன். சுங்கை வேயிலிருந்து வரும் ரீட்டா ஆன்டி நான் திரும்பி வருவதற்குள் பணப்பையைத் திறந்துவிட்டார். விற்றது என் கால். அக்காவின் வாய் துணைக்குத்தான்.

தவக்காலம் வந்தது. ஈஸ்டருக்கு முந்திய அந்த நாட்களில் பிடித்தமான ஏதாவது ஒன்றை விட்டுவிடுவது எங்கள் வழக்கம். நான் எப்போதும் கோப்பியை விடுவேன், உலகத்தையே துறந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு. இந்த வருஷம் எது இல்லாமல் என்னால் முடியாதோ அதை விட வேண்டும் என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அது மாத்திரைதான். வலி வரட்டும், வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்போம் என்று, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று குப்பியை அலமாரிக்குள் பூட்டினேன். என் வீட்டுக்காரர் அருளிடம்கூடச் சொல்லவில்லை. ஒறுத்தலைத் தம்பட்டம் அடித்துச் செய்யக் கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே.

வலி வந்தது. நான் ஒப்புக்கொடுக்காததெல்லாமும் கூடவே வந்தது. வாந்தி, தலைச்சுற்று, எழுந்து நின்றால் கண் இருட்டு. இதுவும் தவத்தில் சேர்த்தி என்று நினைத்தேன், என் புத்தியைப் பாருங்கள். ஒரு காலையில் கிள்ளான் ஸ்டேஷன் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது ஆம்புலன்ஸின் கூரை.

அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் என் ரத்த அழுத்தத்தை மறுபடி மறுபடி அளந்தார்கள். முதலில் அளந்ததை அவர்களாலேயே நம்ப முடியவில்லை, அவ்வளவு இறங்கியிருந்தது. கையில் ட்ரிப்ஸ் ஏறியது. இளம் சீன டாக்டர் ஒருவர் குனிந்து மலாயில் கேட்டார். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா, ஜாமு, கம்பத்து நாட்டு மருந்து, அந்த மாதிரி?

அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். செய்தி கேட்டு ஓடி வந்தவள் காலில் ஒன்றுக்கொன்று சேராத இரண்டு செருப்புகள். என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். தேய்ப்பதை அவள் நிறுத்தவில்லை. ஆனால் அந்தக் கை சில்லிட்டுப் போனதை என் பாதம் உணர்ந்தது.

"இல்லை டாக்டர். வைட்டமின் மட்டும்தான்," என்றேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அவர் மறுபடி வந்தார். ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் ஒரு சின்னச் சுரப்பி உண்டாம். உடம்பு தாக்குப் பிடிக்க வேண்டிய கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டை அதுதான் சுரக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு மருந்து அதிகமாகப் போய்க்கொண்டே இருந்தால், சுரப்பி தன் வேலையை விட்டுவிட்டுத் தூங்கிவிடும். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது. அந்த இடைவெளியில் ஆள் போய்விடவும் கூடும். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு என் வட்ட முகத்தைப் பார்த்தார்.

"ஷுவரா ஆன்டி?"

"ஷுவர்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவர்கள் என்னென்னவோ தேடினார்கள். காசநோயாக இருக்குமோ என்று சளி எடுத்தார்கள். வயிற்றை ஸ்கேன் செய்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள். பக்கத்துக் கட்டில் அம்மா தன் ஸ்கேனுக்காக நாள்கணக்கில் காத்திருந்தார். எனக்கு அவசரம் என்று என்னை முன்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். ட்ரிப்ஸில் மருந்து ஏறியதும் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் காரணம் தெரியவில்லையே என்று அந்த டாக்டர் தினமும் வந்து ரத்தம் எடுப்பார். நரம்பு அகப்படாமல் இரண்டாம் முறை குத்த வேண்டி வந்தால், "ஸாரி ஆன்டி" என்பார். மன்னிப்பு யார் யாரிடம் கேட்பது? எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

தனியார் மருத்துவமனைக்குப் போனவர்கள் பில்லை நினைத்துத் தூங்காமல் கிடப்பார்கள். எனக்கு அந்தப் பயம் பெரிதாக இல்லை. ஊரார் பணத்தில் எனக்கு வேண்டாத சோதனையெல்லாம் நடக்கிறதே என்பதுதான் அரித்தது. வார்டில் விளக்கைக் குறைத்த பிறகு சொல்லிவிடலாம் என்று தீர்மானிப்பேன். காலையில் அக்கா வந்து நிற்பாள். வெயிலில் பஸ் மாறி வந்து, முகத்தைக்கூடத் துடைக்காமல் என் பாதத்தைப் பிடித்துக்கொள்வாள். அருள் கூரியர் வேனை வெளியே நிறுத்திவிட்டு, ஃபிளாஸ்கில் கஞ்சியும் நெத்திலிச் சம்பலும் கொண்டுவருவார். முரட்டுக் கையால் என் தலையை வாரிவிட்டு, கோணலாக வகிடு எடுத்து, "அழகா இருக்க" என்று பொய் சொல்வார். எங்கள் கட்டிலைச் சுற்றி எல்லோருமே பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், ஆனால் அவர் பொய்யால் யாருக்கும் ஊசி குத்தவில்லை.

எழுந்து நடக்கச் சொன்ன அன்று இடது தொடை இடுக்கில் சுருக்கென்றது. இது முட்டி வலி இல்லை, இன்னும் ஆழத்தில். எக்ஸ்ரே பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பிறகு எலும்பு டாக்டர் மாலினி வந்தார், தமிழ்ப் பெண். கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, ஒங்க தொடை எலும்போட தலை, இடுப்புக் கிண்ணத்துல சொழலுற உருண்டை, அதுக்கு ரத்தம் சரியா போகல. உள்ள ஒரு பகுதி செத்துக்கிட்டு இருக்கு."

எலும்பு சாகும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எலும்பைக் கல் மாதிரி நினைத்திருந்தேன்.

"எப்படி டாக்டர்?"

"எலும்புக்குள்ள மஜ்ஜை இருக்கு. அதுல சில செல்லுங்க இன்னும் எதுவாவும் ஆகாம காத்துக்கிட்டு இருக்கும். ஸ்டெம் செல்னு சொல்வோம். தேவைப்படும்போது அதுலேருந்துதான் எலும்பு கட்டுற செல்லு உண்டாகும். கொழுப்புச் செல்லும் அதே செல்லுலேருந்துதான் வரும்."

"ரெண்டும் ஒன்னுலேருந்தா?"

"ஒன்னுலேருந்துதான். உள்ள ரெண்டு சுவிட்ச் இருக்குன்னு வெச்சுக்குங்க. ஒன்னப் போட்டா இன்னொன்னு அமுங்கிடும். நடக்கிறது, வெயிட் தாங்குறது எல்லாம் எலும்பு சுவிட்சப் போடும். வயசானா கொஞ்சம் கொஞ்சமா கொழுப்புப் பக்கம் சாயும். ஸ்டீராய்டு அளவுக்கு மீறிப் போனா கொழுப்புப் பக்கமே தள்ளிவிட்டுடும். எலும்பு கட்ட ஆள் கொறைஞ்சிடும், கொழுப்பு பெருத்துடும். எலும்பு விரியுற சாமான் இல்லையே அக்கா. உள்ள எடம் பத்தாம, சின்னச் சின்ன ரத்தக் குழாய் நசுங்கும். ரத்தத்துலயும் கொழுப்பு ஏறி அங்கங்க அடைச்சிக்கும்."

நான் பிரித்துத் தைத்த ரவிக்கைகள் ஞாபகம் வந்தன. வெளியே போட்ட சதைக்கு நான் தையல் பிரித்தேன். உள்ளே போட்டதற்குப் பிரிக்கத் தையல் இல்லை.

"வெட்டுன துணி மாதிரியா டாக்டர்? பாவாடைக்கு வெட்டிட்டா அப்புறம் சட்டை தைக்க முடியாதே," என்று கேட்டேன். துணிக்கடை புத்தி எங்கே போகும்.

அவர் சிரித்தார். "கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா இன்னும் கத்தரி வைக்காத துணி கொஞ்சம் உள்ள இருக்கும். அத நம்பித்தான் வைத்தியம். ஒங்க எலும்புத் தலை இன்னும் நொறுங்கல. நொறுங்கிட்டா செயற்கை மூட்டு வைக்கணும். இப்பவே செஞ்சா, எலும்புல துளை போட்டு அழுத்தத்த எறக்கலாம். இடுப்பெலும்புலேருந்து ஒங்க மஜ்ஜையையே எடுத்து, மெஷின்ல சொழட்டி, ஸ்டெம் செல்லு நெறைய இருக்குற பகுதியப் பிரிச்சி அங்க விடுவோம். அது எலும்பா ஆகும்னு நம்புறோம். கேரண்டி குடுக்க முடியாது."

"செய்ங்க டாக்டர்."

"செய்றேன். ஆனா ஒங்க ஒடம்புக்குள்ள ஸ்டீராய்டு எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். வீட்டுக்குப் போய் மறுபடியும் அதையே சாப்பிட்டா, நான் வெச்சதும் கொழுப்பாத்தான் போகும்."

அக்கா அன்று இன்னும் வந்து சேரவில்லை. அவள் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. இன்று வரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பயமாக இருக்கிறது.

"ஜாமு மாத்திரை டாக்டர். ஒரு வருஷத்துக்கு மேல. என் அக்கா விக்கிறாங்க."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "வேற யார் யார் சாப்பிடுறாங்க?"

மண்டபத்தின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும் என் கண்முன் வந்தன.

"எல்லாருக்கும் போன் பண்ணுங்க. பயந்துபோய் நாளைக்கே நிறுத்திட வேண்டாம்னு சொல்லுங்க. குப்பிய எடுத்துக்கிட்டு க்ளினிக் போகட்டும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிறுத்தணும்."

முதல் போன் அக்காவுக்கு. டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"எம் பேரச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா."

"சரி," என்று வைத்துவிட்டாள். யாருக்கெல்லாம் விற்றாள் என்று பெயர்களை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கால்மாட்டில் ஆளில்லாத கட்டிலைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மற்றவர்களில் சிலர் பயந்தார்கள், சிலர் க்ளினிக் போவதாகச் சொன்னார்கள். ரீட்டா ஆன்டி சிரித்தார். "ஒனக்கு ஒத்துக்கலன்னா எனக்கும் ஒத்துக்காதா? எனக்கு நல்லாத்தான் இருக்கு. நீதானம்மா நடந்து காட்டுன?"

அருள் கொண்டுவந்த குப்பியை மருத்துவமனை மருந்தகத்தார் சோதனைக்கு அனுப்பினார்கள். லேபிளில் எழுதாத ஸ்டீராய்டு அதில் கலந்திருந்ததாகப் பிறகு முடிவு வந்தது. அக்காவைப் பார்த்துவரும்படி அருளிடம் சொன்னேன். மத்தியானம் கிள்ளானில் பார்சல் கொடுக்கப் போனவர் அப்படியே அவள் வீட்டுக்கும் போய்விட்டு வந்தார்.

"எல்லாக் குப்பியையும் கழிவறையில கொட்டிட்டாங்க. வீடே மஞ்ச வாடை. கோவமா படுத்திருக்காங்க, எந்திரிக்கக்கூட இல்ல. கஞ்சி ஊத்திக் குடுத்தேன். வாந்தி வருதுன்னு தள்ளிட்டாங்க."

வாந்தி என்று கேட்டதும் நான் எழுந்து உட்கார்ந்தேன். போனைத் திறந்து கிறிஸ்துமஸ் படத்தைத் தேடினேன். நானும் அக்காவும் கேக்குக்குப் பக்கத்தில். ஒரே மாதிரி உருண்ட கன்னங்கள். அன்று எல்லோரும் "ரெட்டப் புள்ளைங்க மாதிரி இருக்கீங்க" என்றார்கள். அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே நீள முகம், ஒட்டிய கன்னம். எங்களுக்குள் எந்தச் சாடையும் கிடையாது. தினமும் என் கால்மாட்டில் நின்ற அந்த வட்ட முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். என் பொய்யைப் பற்றிய கவலையில் அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

நெடுநேரம் மணியடித்த பிறகுதான் போனை எடுத்தாள்.

"அக்கா, நீயும் சாப்பிட்டியா?"

"இல்ல."

"அக்கா."

"வித்துட்டு மட்டும் இருந்தேன்னு நெனச்சியா? நல்லதுன்னு நம்பித்தானே ஒனக்குக் குடுத்தேன்." குரல் குழறியது.

"எப்ப நிறுத்துன?"

"நீ போன் பண்ண அன்னிக்கு."

"திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேனே."

"சொன்ன. கேட்டுச்சு." "ஒனக்கு வந்தது எனக்கும் வரட்டும் பிலோ. அதுதான் ஞாயம்."

எனக்கு வந்த கோபத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. "ஞாயமா? நடந்து காட்டுனது யாரு? டாக்டர்கிட்ட பொய் சொன்னது யாரு? நீ செத்துட்டா அதையும் நான்தான் சொமக்கணுமா? கதவத் தெறந்து வை, இவரு வராரு."

அருள் மிச்சப் பார்சல்களோடு வேனைத் திருப்பினார். அக்காவைக் கையில் தூக்கிக்கொண்டுதான் இறக்கினாராம். என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போக ஒரு நர்ஸ் மிஸி இரக்கப்பட்டார். அவசரப் பிரிவில் அதே மாதிரிக் கட்டில், அதே ட்ரிப்ஸ். குனிந்து நின்றவரும் அதே இளம் டாக்டர்தான். அதே கேள்வியைக் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன், பனிக்கட்டியாக இருந்தது.

"சாப்பிட்டேன் டாக்டர்," என்றாள் மலாயில். "ஜாமு. நான்தான் விற்றேன்."

அவர் உடனே ஊசிக்குச் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வீணாக எடுத்த ரத்தமெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். நான்தான் "ஸாரி டாக்டர்" என்றேன். இந்த முறை சரியான ஆள் சரியான ஆளிடம் கேட்டது.

அக்கா பிழைத்தாள். எனக்கு ஆபரேஷன் நடந்தது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள், காது மரத்துப்போகவில்லை. தச்சுப்பட்டறை சத்தம்தான். என் மஜ்ஜையைக் குழாயில் பார்த்தேன். கருஞ்சிவப்பு, சாதாரண ரத்தம் போலத்தான் இருந்தது. அதற்குள் இன்னும் ஒரு முடிவுக்கு வராத செல்கள் இருக்கின்றன என்று நினைத்தபோது, ஜெபம் செய்யக்கூட வார்த்தை வரவில்லை. எலும்பாகுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

அவை எந்தப் பக்கம் சாய்ந்தன என்பது அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். அதுவரை இடது காலில் முழுப் பாரம் வைக்கக் கூடாது. எங்கள் இருவருக்கும் ஸ்டீராய்டை டாக்டர்களே கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். அக்காவின் இடுப்பு தப்பித்துவிட்டது. அது தெரிந்த அன்று அவள் அழுத அழுகையைப் பார்த்தவர்கள் முடிவு மோசம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதிகாரிகள் வந்தார்கள், எங்கிருந்து வாங்கினாள் என்பதைச் சொல்லியிருக்கிறாள். விசாரணை இன்னும் முடியவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் அருள் எங்களைச் சுங்கை வேயிலிருக்கும் ரீட்டா ஆன்டி வீட்டுக்கு வேனில் கூட்டிக்கொண்டு போனார். ஆன்டி பலகாரம் வைத்தார், கோப்பி கொடுத்தார். முகம் நன்றாக உருண்டிருந்தது. அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். சுரப்பி, மஜ்ஜை, கொழுப்பு என்று டாக்டர் எனக்குச் சொன்னதையெல்லாம் அவள் பாணியில் சொன்னாள். ஆன்டி கேட்டுவிட்டு, "எனக்கு ஒன்னும் இல்லையே ஜெசிந்தா. காலு ரெண்டும் சும்மா ஜம்முனு இருக்கு," என்றார்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"எங்க பிலோவப் பாருங்க. நடையப் பாருங்க."

நான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டேன். சோபாவிலிருந்து வாசல் கதவு வரைக்கும், கதவிலிருந்து திரும்பி சோபா வரைக்கும் நடந்தேன். சிரிக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் முகம் சுளித்ததை மறைக்கவும் இல்லை. அந்தச் சின்ன ஹாலைக் கடக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

நான் உட்கார்ந்த பிறகு ரீட்டா ஆன்டி எழுந்து உள்ளே போனார். பச்சை மூடி போட்ட குப்பியைக் கொண்டுவந்து கோப்பிக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தார்.

"எந்தக் க்ளினிக்குக்குப் போகணும்?" என்று கேட்டார்.